நான் போட்ட கறுப்பு உருண்டை

இன்று பின்னேரம் ஹட்டனில், லொட்ஜ் என்று நாங்கள் சொல்லும் சகோதரச் சங்கத்தின் கூட்டம். அலமாரியிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்தபோது பூச்சி உருண்டை வாசம் குப்பென்று வந்தது. ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது இதற்குள் உன் கையை நுழைக்கப் பார்த்தாய். வயர் பிடித்துத் தடித்த விரல்கள் பாதிக்கு மேல் போகவில்லை.

"இதப் போட்டுக்கிட்டு உள்ள என்னடா பண்றீங்க? அப்படி என்னதான் கெடைக்குது?" என்று கேட்டாய்.

அன்று சிரித்து மழுப்பினேன். இப்போது சொல்கிறேன். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'பிரதர்'. சட்டத்தரணியும், ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து அதிகாரியும், தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையாக இருந்தவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்படியொரு துரைக்கு முன்னால்தான் என் அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு லொட்ஜில் இந்தத் துரை தேநீர் ஊற்றித் தந்தார். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் மூன்று பேராவது விசாரிப்பார்கள். அந்த அன்பில் பொய் இல்லை. பொய் என்னிடம்தான் இருந்தது. சேர்ந்த புதிதில் ஒருவர், அப்பா என்ன செய்தார் என்று கேட்டார். "எஸ்டேட் ஆபீஸில் பெரிய கிளாக்கர்" என்றேன். ஆயுள் முழுக்க, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறிய கூலித் தொழிலாளி அவர். நான் வங்கியில் உதவி முகாமையாளர்; கேட்டவர் சந்தேகப்படவில்லை.

பிறகு லொட்ஜ் மண்டபத்தில் வயரிங் பழுதாகி, கொட்டகலையில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த உன்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் வேலை. உன் பேச்சும் நேர்மையும் அந்தச் சட்டத்தரணிக்குப் பிடித்துப்போய், நம்மோடு சேர்த்துக்கொள்ளலாமே என்று அவராகவே உன் பெயரை முன்மொழிந்தார். நீ சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டாய். கூட்டத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டுக்குத் துணிகூட எடுத்துவிட்டாய்.

புதியவரைச் சேர்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொருவரும் மூடிய பெட்டிக்குள் கைவிட்டு ஓர் உருண்டை போட வேண்டும். சம்மதம் என்றால் வெள்ளை. கறுப்பு ஒன்று விழுந்தாலும் ஆள் உள்ளே வர முடியாது. யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது.

என் முறை வந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்தில், நாம் பிறந்து வளர்ந்த வரிசை வீடுகளில், உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். முதல் கூட்டத்திலேயே நீ அந்த லயத்துக் கதைகளை எல்லோரும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாய், கிளாக்கர் அப்பா என்ற என் பொய் உடைந்துவிடும் என்று நினைத்தேன். என் கை கறுப்பைத் தொட்டது. தொட்டது என்று எழுதுவதுகூட ஏமாற்று. எடுத்தேன். போட்டேன்.

மறுநாள் உன் கடைக்கு வந்தேன். நீதான் என்னைத் தேற்றினாய்.

"யாரோ ஒருத்தருக்குப் புடிக்கல போல, விடு. நீ ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க? வா, டீ குடிப்போம்."

குடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து அம்மா லயத்திலேயே இறந்துபோனார். டவுனில் மூச்சு முட்டுகிறது என்று என் வீட்டுக்கு வர மறுத்தவர். நானும் வற்புறுத்தவில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது. உங்கள் மரண உதவிச் சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு நீ வந்தாய். கொட்டும் மழையில் குழி வெட்டினீர்கள், கூடாரம் போட்டீர்கள். லொட்ஜிலிருந்து நாலு பேர் மலர்வளையத்தோடு சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறி வந்தார்கள். லயத்து அறைகளைப் பார்த்துவிட்டு அந்த யாழ்ப்பாணத்து அதிகாரி உன்னிடம் கேட்டார்.

"தம்பி, இவரின்ர தகப்பன் இங்கை கிளாக்கரா இருந்தவரெல்லே?"

நான் காதில் விழும் தூரத்தில் நின்றேன். நீ ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாய்.

"ஆமாங்கய்யா. கிளாக்கர் ஐயா தவறுன பொறகு குவாட்டர்ஸ விட்டாச்சு. அம்மாவுக்கு எங்க மேல பாசம், இங்கயே தங்கிட்டாங்க."

சொல்லிவிட்டு அவருக்கு இஞ்சித் தேநீர் கொடுத்து, குடை பிடித்து, கீழே கார் வரைக்கும் கூட்டிப் போனாய். நான் என்ன பொய் சொல்லியிருக்கிறேன் என்பது அந்தக் கேள்வியிலேயே உனக்குப் பிடிபட்டுவிட்டது; அந்தப் பெட்டிக்குள் கறுப்பைப் போட்டது யார் என்று உனக்குத் தெரியும் என்பது எனக்கு அன்று விளங்கியது. அதன் பிறகும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி பலகாரத்தோடு வந்துகொண்டுதான் இருந்தாய். இன்றைக்குக் கேட்பாய், நாளைக்குக் கேட்பாய் என்று நான் பயந்தேனே தவிர, நானாக வாய் திறக்கவில்லை.

போன மாதம் உன் இதயம் திடீரென்று நின்றுபோனது. எட்டாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு உன் மனைவி சொன்னார்:

"லொட்ஜ்ல யாரு வேணாம்னாலும், தம்பி மட்டும் எனக்கு வெள்ளதான் போட்டிருப்பான்னு இதுங்ககிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அப்படித்தானே தம்பி?"

நான் தலையாட்டினேன்.

உன் மூத்த மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சித்தப்பா" என்றாள். அந்த நன்றியை இறக்கி வைக்க எனக்கு இடமில்லை.