யாருடைய மெஷின்

ஜனவரி 9
செகந்திராபாத், லாலாகுடாவில் எக்ஸ்ரே முகாம். வேனில் எண்பத்தாறு பேருக்கு எக்ஸ்ரே எடுத்தேன். எடுப்பது நான், நுரையீரலில் கோளாறு உண்டா என்று சொல்வது ஏஐ. என் அண்ணன் ஃபெலிக்ஸ் கட்சித் துண்டோடு வரிசையில் முதல் ஆள். "நம்ம கவர்ன்மென்ட் மெஷின், தப்பு சொல்லாது" என்றார். கோளாறு இல்லை என்று வந்தது.

வீட்டில் என் கணவர் டேனியல், எதிர்க்கட்சி: "டேட்டா திருடுறாங்க." பதினோரு வருஷமாக எக்ஸ்ரே எடுப்பவள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிப்ரவரி 2
தேர்தல் முடிவு. டேனியல் கட்சி ஜெயித்தது. அண்ணன் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 17
அதே வேன், அதே மெஷின். வெளியே மட்டும் வேறு பெயிண்ட், வேறு தலைவர். டேனியல் வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். டேட்டா திருட்டு என்னாயிற்று? "இப்ப நம்ம ஆளுங்கதானே பாக்கறாங்க."

இந்த மெஷின் நான் கவனிக்காததைப் பிடித்ததும் உண்டு, விலா எலும்பை நோய் என்றதும் உண்டு. எங்கே தப்பும் என்று ஒருவரும் கேட்பதில்லை. யாருடையது — அவ்வளவுதான் கேள்வி.

ஜூன் 5
அண்ணன் இருமும்போது ரத்தம் வருகிறதாம், அண்ணி அழுதாள். உடனே அண்ணனுக்குப் போன் செய்து எக்ஸ்ரேக்குக் கூப்பிட்டேன்.

"நக்கோ ஷோபா, வேணாம். அது இப்ப அவங்க மெஷின். எங்க ஆளுன்னா இல்லாத வியாதியச் சொல்லும்."

ஏஐ வேண்டாம், நானே எடுத்து டாக்டரிடம் காட்டுகிறேன் என்றேன்.

"நீயும் அவங்க சம்பளம்தானே வாங்கற?"

என்னைப் பார்த்தா? என்னையா? போ. எக்கேடோ கெட்டுப் போ.

ஜூன் 6
நேற்று அப்படி எழுதியிருக்கக் கூடாது. மறுபடி கூப்பிட்டேன். கட் பண்ணினார்.

அக்டோபர் 21
அண்ணனுக்கு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டாக்டர் எக்ஸ்ரேயை என்னிடம் நீட்டினார். விளக்கத் தேவையில்லை. வலது நுரையீரலில் பாதிக்கு மேல் கட்டி.

அக்டோபர் 22
ஜனவரிப் படத்தைத் தேடி எடுத்தேன். காலர் எலும்பின் பின்னால், பயறளவு புள்ளி. மெஷின் விட்டிருக்கிறது. நானும் விட்டிருக்கிறேன்.

நவம்பர் 30
அடக்கம் முடிந்தது.

டிசம்பர் 2
கட்சி குரூப்பில் என் அண்ணன் போட்டோவை டேனியல் போட்டிருக்கிறார்: 'நம் மெஷினை நம்பாமல் போன உயிர்.' நாற்பது கைகூப்பல்.

எடுங்கள் என்றேன். ஜனவரிப் படத்தைப் பற்றிச் சொன்னேன். தலையைத் தூக்கினார். "ஜனவரியா? அது அவங்க ஆட்சி. அதையும் சேத்துப் போடலாமே?"

டிசம்பர் 6
நான்கு நாளாக அண்ணி வீட்டில்தான் இருக்கிறேன். இன்று அந்தப் படத்தைக் காட்டி, நான் பார்க்காமல் விட்டதையும் டேனியல் அதைக் குரூப்பில் போடக் கேட்டதையும் சொன்னேன். அண்ணி அதைக் கையில் வாங்கினாள். பிறகு, "இத யாருக்கும் குடுக்காத" என்று பீரோவில் வைத்துப் பூட்டினாள்.