புது முட்டியும் உன் அப்பாவும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். இது உன் மனம் ஆறுவதற்காகச் சொல்கிற சுகம் இல்லை, நிஜமான சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் வரிக்கு வரி குறுக்கே கேட்பாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குத் தையல் பிரித்த மறுநாள் நீ விமானம் ஏறினாய். கட்டி வந்த எலும்பை வெட்டி எடுத்து உலோக முட்டி வைத்தாயிற்று, இனி எழுந்து நடப்பதுதான் பாக்கி என்று நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்துவிட வருகிற பெண்ணுக்கு அப்பா வாத்தியாரம்மா என்று பெயர் வைத்திருக்கிறார். அவள் துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, கீழே அமுக்கச் சொல்வாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குவேன், தொடை யாருக்கு வந்த விருந்தோ என்று கிடக்கும். இத்தனை வருஷம் பள்ளிக்கூட வேனில் கிளட்ச் மிதித்த கால் இது, ஒரு துண்டை அமுக்க முடியவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வரும். அழுதால் அப்பா உடைந்துபோவார் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா, ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் ஏறிப் படுத்து, எனக்கும் சொல்லிக் குடும்மா, அவ தனியா செய்றதாலதான் வர மாட்டேங்குது என்றார். அன்றிலிருந்து தினமும் எனக்குச் சொல்வதையெல்லாம் அவரும் செய்தார். வங்கியில் நாற்காலியை விட்டு எழாமல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உடம்பு, சும்மா இருக்குமா? ஒரு நாள் காலைத் தூக்கியவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஐயோ என்று புரண்டு கட்டில் விளிம்புக்கு வந்துவிட்டார். விழப்போகிறாரே என்று பதறி நான் கையை நீட்டித் திரும்பினேன், என் குதிகால் மெத்தையை விட்டு எழும்பிவிட்டது. வாத்தியாரம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் தொடைமேல் கையை வைத்து, இதத்தாம்மா இவ்வளவு நாளா கேட்டுட்டு இருந்தேன், விட்டுடாதீங்க, இன்னொரு தடவ தூக்குங்க என்றாள். இங்க ஒருத்தன் உயிர் போகுதுன்னு கத்துறேன், யாராவது பாருங்களேன் என்று அப்பா முனகினார். நான் சிரித்துக்கொண்டே மறுபடி தூக்கினேன், தூக்க வந்தது.

அப்புறம் வாக்கரில் நடந்தேன், பிறகு கைத்தடி. வீட்டுக்கு வந்தபின், நல்லாயிருக்கிறதே என்ற பேராசையில் அவள் சொன்னதற்கு மேலேயே மடக்கிப் பார்த்தேன், முட்டி வீங்கிச் சூடாகிவிட்டது. அப்போது வந்த பயத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கட்டிதான் திரும்ப வந்துவிட்டதோ என்று பதறிவிட்டேன். அப்பா ஐஸ் பையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். டாக்டர் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வருகிறவரை எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. கட்டி எங்கேயும் இல்ல, அவசரப்பட்டதால வந்த வீக்கம்தான் இது, வெச்சிருக்கறது பழைய முட்டின்னு நெனச்சுடாதீங்க, குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, மண்டி போடக் கூடாது, ஆனா பயிற்சிய மட்டும் நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். அப்பா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாத்தியாரம்மா என்னைத் திட்டுவதற்கென்றே ஆஸ்பத்திரி மாடியிலிருந்து இறங்கி வந்தாள், கண் கலங்கியிருந்ததால் திட்டு சரியாக எடுபடவில்லை. பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வார்களா என்பாய், ஆனாலும் நீ ஆஸ்பத்திரி நாற்காலியில் சுருண்டு தூங்கிய ராத்திரிகளுக்கும் சேர்த்துத்தான் நான் அன்று அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை அப்பா ஓட்டினார். அவர் கியர் மாற்றும் லட்சணம் உனக்குத் தெரியாததா, வண்டி கடகடவென்று உலுக்கியது. நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு திருப்பத்தில் அவர் என் காலைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். அங்க என்னடி மிதிச்சுக்கிட்டு வர என்றார். குனிந்து பார்த்தேன். அவர் கிளட்சை மிதிக்க வேண்டிய இடத்திலெல்லாம் என் இடது கால், புது முட்டி வைத்த அதே கால், தானாகவே தரையை அழுத்திக்கொண்டு வந்திருக்கிறது, நான் அதனிடம் ஒன்றுமே சொல்லவில்லை. வேன் ஓட்டுவதைப் பற்றி டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உனக்குத் தோளில் வலி என்று போன மாதம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். தைலம் தடவி நாளைக் கடத்தாதே, முதலில் போய்க் காட்டு, காட்டிவிட்டு எனக்குச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்து, கைத்தடியோடு வாசல்வரை வந்து நிற்கப்போகும்,
அம்மா