விளக்கு வைத்தால் பூட்டிக்கொள்ளும் ஆப்

ஆனி 5, வியாழன்

காலையிலிருந்து சாரல். உளுந்து ஊறப் போட்டாச்சு. அது ஊறுவதற்குள் இட்லி மாவு விற்க நானே போனில் செய்கிற ஆப்பை முடிக்கலாமென்று உட்கார்ந்தேன். வீடியோவில் சொல்லித்தருகிற பையன் மூச்சுக்கு மூச்சு "ரொம்ப ஈஸி" என்கிறான். அவன் தலை. பட்டனை இழுத்து வைத்தால் படம் ஓடுகிறது. படத்தைப் பிடித்தால் பட்டனைக் காணோம். மாவுப் பானையை நானே போட்டோ எடுத்துப் போட்டேன். சுவருக்குக் கரைத்த சுண்ணாம்பு மாதிரி. சீ.

பெங்களூரிலிருந்து மகன் போன்.

"எம்மா, அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு ஆப் செய்யுதியாக்கும்? ஆடி பொறக்கதுக்குள்ள யாவாரம் தேறலன்னா கிரைண்டர வித்துட்டு இங்கன வந்துரணும்."

"வை லே போன."

அந்த மாடி வீட்டில் போய் நான் யாரைப் பார்த்துக்கொண்டிருக்க? கடைப் பாக்கெட் மாவு வந்தபின் பகலில் ஒருத்தரும் வருவதில்லை. வேலைக்குப் போய் வருகிறவர்களைப் பிடித்தால்தான் உண்டு.

ஆனி 8, ஞாயிறு

முடித்துவிட்டேன். ஒருத்தர் துணையில்லை. விளக்கு வைத்த பிறகு உப்பு வீட்டை விட்டுப் போகக் கூடாது. உப்புப் போட்ட மாவும்தான். அதனால் ஆறு மணிக்கு ஆப் தானாகப் பூட்டிக்கொள்கிற மாதிரி வைத்திருக்கிறேன். முதல் தடவையிலேயே சரியாக வந்தது அது ஒன்றுதான். தெருவில் எல்லோர் போனிலும் ஏற்றியாச்சு.

ஆனி 11, புதன்

வெயிலும் சாரலும். ஆர்டர் இல்லை. மாவு பொங்கி வழிகிறது, புளித்த நாற்றம். மாட்டுக்கு ஊற்றினேன்.

எதிர்வீட்டு டீச்சருக்கு ஆழ்வார்குறிச்சியில் வேலை. வாசலில் நின்று சிரிக்கிறாள்.

"ஆச்சி, நான் நம்ம அம்பையில வந்து பஸ்ஸ விட்டு எறங்கையில மணி ஆறரை. உங்க ஆப்பு கதவச் சாத்திட்டுத் தூங்குது. மாவு யாருக்கு, சாமிக்கா?"

காலிப் பானையைக் கழுவ உள்ளே போனேன்.

ஆனி 13, வெள்ளி

உப்புப் போடாமல் அரைத்தேன். பூட்டை ஒன்பதுக்குத் தள்ளினேன். "உப்பு நீங்களே போடவும்" என்று சிவப்பில் எழுதினேன். எவளும் படிக்கவில்லை. எல்லாம் காலேஜ் படித்தவர்கள். ஆப்பில் எழுதுவதை ஒருத்தரும் படிப்பதில்லை, அதுதான் பாடம். ஒரே ஒரு நட்சத்திரம், கீழே "சப்புனு இருக்கு." என் மாவையா! தூ.

டீச்சர் மட்டும் நேரில் வந்தாள். "உப்புப் போட்டுத் தாங்க ஆச்சி. என்கூட பஸ்ல வாரவங்களயும் கூட்டிட்டு வாரேன்."

ஆனி 16, திங்கள்

சாரல் விட்டது. உப்புப் போட்டே அரைத்தேன்.

ஆறு மணிக்குத் திரி போட்டு எண்ணெய் விட்டேன். தீப்பெட்டியை எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன்.

ஆறரைக்கு ஆப் மணியடித்தது. திரும்பத் திரும்ப அடித்தது. டீச்சர், பின்னாலேயே பஸ்காரிகள், கையில் தூக்குச்சட்டி.

"என்ன ஆச்சி, இன்னும் வெளக்கு வைக்கலியா?"

"மணி பாக்கலம்மா."

கையில் போன். அதில் மணி கொட்டை எழுத்தில் எரிகிறது.

பானை காலியான பிறகுதான் விளக்கு வைத்தேன். அதுவரை சாமி இருட்டில். நிமிர்ந்து பார்க்கவில்லை. கிரைண்டர் விற்பனைக்கு இல்லை என்று மகனிடம் சொல்லியாச்சு. நாளைக்கு உளுந்து இன்னும் கூடுதலாக ஊறப் போடணும்.