வாய் என்று நினைத்து அடைத்தது

வியாழக்கிழமை, இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. எல்லாம் ஆத்திரம்.

பனியன் கம்பெனியில், துணி பின்னும் நிட்டிங் ஹாலில் செல்வி அக்கா பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே இருக்கிறார் என்றுதான் அங்கே எலக்ட்ரீசியனான நான் ஒரு பெட்டியைச் செய்தேன். ஒரு பக்கம் சின்ன பல்பு, எதிரே வெளிச்சத்தை உணரும் சென்சார், மேலே ஒரு பஸ்ஸர். நடுவே தூசி கூடக்கூட வெளிச்சம் குறையும், சத்தம் ஏறும்.

இன்று, சரக்கு வாங்கும் பையர் ஹாலைச் சோதிக்க அனுப்பிய ஆடிட் மேடம் படியேறும்போது அது முனக ஆரம்பித்தது. மேனேஜர் ஓடி வந்து, கையில் கிடைத்த வேஸ்ட் பனியன் துணியை அதற்குள் திணித்தான். மடையன். வாயை அடைப்பதாக நினைத்துக் கண்ணை அடைத்துவிட்டான். வெளிச்சம் சுத்தமாகப் போனதும் பெட்டி மெஷின் இரைச்சலையும் மீறி வீறிட்டது.

“என்ன சத்தம் இது?” என்றார் மேடம்.

“கரண்ட் கோளாறுங்க மேடம்” என்றவன் என் பக்கம் திரும்பினான். “ஏனுங்க தம்பி, அப்படித்தானுங்களே?”

தினமும் ‘டேய்’ என்று கூப்பிடுகிறவன்.

“ஆமாங்க” என்றேன். நான் செய்த பெட்டியைப் பற்றி, நானே.

மேடம் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் கார் கிளம்பியதும் மேனேஜர் வயரைப் பிடுங்கி எறிந்தான்.

ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது செல்வி அக்கா கேட் அருகே நின்றிருந்தார். இருமி முடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

“கரண்டுக் கோளாறுதானா தம்பி?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன வாய், “ஆமாங்கக்கா” என்றது.