இடது பக்கத்து ஜன்னல்

கவன்ட்ரி
12-9-1970

அன்புள்ள அக்காவுக்கு, பஞ்சாட்சரம் வணக்கத்துடன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல் கடைசி வரியில் "எப்போது வருகிறாய்" என்று கேட்டிருக்கிறாய். மூன்று வருடமாக நான் பதில் எழுதாத கேள்வி. இந்தத் தடவை பதில் இருக்கிறது.

இங்கே இங்கிலாந்தில் கிட் கார் என்று ஒன்று விற்கிறார்கள். முழு வண்டியாக வராது. அடிச்சட்டம், இஞ்சின், கண்ணாடி நாரில் வார்த்த மேல்கூடு என்று தனித்தனியாகப் பெட்டிகளில் வரும். வாங்குகிறவன் வீட்டிலேயே பூட்டிக்கொள்ள வேண்டும். மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற எனக்கு அது பெரிய வித்தையில்லை. ஊருக்கே திரும்பி வந்து தங்குகிறவன் ஒரு வண்டி கொண்டுவரலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். பெட்டிகளோடு கப்பலேறி வருகிறேன். முதல் சவாரி நீதான். பள்ளிக்கூடத்துக்கு ரிக்‌ஷாவில் போனது போதும்.

இதற்கு ஒரு கராஜ் வேண்டும். நம் வீட்டில் தெருப்பக்கத்து நீள அறையை விட்டால் இடமில்லை. அங்கே வீரபத்திரன் அண்ணன் இரண்டு தறி போட்டுக் குடியிருக்கிறார் என்பது எனக்கு மறக்கவில்லை. அவரைக் கிளப்ப வேண்டும். தெருச்சுவரை இடித்து அகலமாகக் கதவு வைக்க வேண்டும். உன்னால் முடியாது என்றால் தயங்காமல் எழுது. நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

உன் தம்பி,
பஞ்சு

*

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
4-10-1970

அன்புள்ள தம்பி பஞ்சுவுக்கு, அக்கா குழலி ஆசீர்வாதம்.

ஏகாம்பரநாதர் அருளால் இங்கு நலம். என் இடுப்பு மட்டும் அவர் அருளுக்கு வெளியே இருக்கிறது.

கார் பெட்டியில் வருமோ மூட்டையில் வருமோ, எனக்கென்ன? வருகிறேன் என்று எழுதினாயே, அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது. பஞ்சு படித்து முடிக்கட்டும் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வந்த வரன்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன். படித்து முடித்தாய், கப்பலேறிவிட்டாய். உன்மேல் குறையாக இதைச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாய் எதையோ சொல்கிறது, விடு.

மறுநாளே வீரபத்திரனிடம் சொல்லிவிட்டேன். தறியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "தம்பி வந்துக்கினு இருக்குதுன்னா நாங்க குறுக்கால குந்திக்கினு இருக்கிறதா? ஏத்தின பாவு முடியட்டும் டீச்சரம்மா. நடுவுல அறுக்கக் கூடாது. அப்பால கெளம்பிடறோம்" என்றார். தறியில் ஏற்றிய நூலைப் பாதியில் அறுப்பது இங்கே எவ்வளவு பெரிய குற்றம் என்று உனக்குத் தெரியும். சரி என்றேன். அவர் மனைவி கங்கையம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். தினமும் சாயங்காலம் என் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட வருவாள். அன்றைக்கு வரவில்லை.

அறை இருபத்திரண்டு அடி நீளம், பதினொன்றரை அடி அகலம். பள்ளிக்கூடத்து மர ஸ்கேலால் நானே குனிந்து அளந்தேன். இடுப்பு வலிக்கு அதுவும் ஒரு காரணம். வேறு என்னென்ன செய்ய வேண்டும், விவரமாக எழுது.

உன் அக்கா,
குழலி

*

கவன்ட்ரி
2-11-1970

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. அவசரமில்லை, நிதானமாகவே செய்யலாம். வேண்டாம் என்று தோன்றினாலும் விட்டுவிடலாம்.

செய்வதானால் இப்படிச் செய். நடுவில் ஒன்பது அடி நீளத்துக்குக் குழி வேண்டும். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க நாலரை அடி ஆழம் போதும். குழிக்கு மேலே இஞ்சினைத் தூக்கி இறக்கச் சங்கிலிக் கப்பி மாட்ட, கனமான உத்தரம் ஒன்று போட வேண்டும். தரைக்குச் சிமென்ட். இடது பக்கத்து ஜன்னலுக்குக் கீழே மேஜைப்பலகை போட்டால் வெளிச்சம் நேராக விழும். கதவு இடுக்கில் காற்று வராமல் துணி அடைக்க வேண்டும். ஜன்னலோரம் ஒரு எண்ணெய்க் கணப்பு இருக்கட்டும். மேல்கூட்டுக்குத் தடவுகிற பிசின் குளிரில் இறுகாது. அறை சூடாக இருந்தால்தான் பிடிக்கும்.

இங்கே இப்போதே பனி. கை விறைக்கிறது, நிறுத்துகிறேன்.

பஞ்சு

*

காஞ்சிபுரம்
20-1-1971

அன்புள்ள பஞ்சுவுக்கு ஆசீர்வாதம்.

கராஜ் தயார். எழுதும்போதே பெருமையாக இருக்கிறது. கொத்தனார் தர்மன் தெருச்சுவரை இடித்து எட்டு அடிக்கு இரட்டைக் கதவு வைத்துவிட்டார். தெருவில் எல்லாரும் இப்போது நம் வீட்டைக் கார் வீடு என்கிறார்கள். காரைத்தான் இன்னும் காணோம்.

வீரபத்திரன் மார்கழிப் பாதியிலேயே ஏற்றிய பாவு நூலை நெய்து முடித்தார். அவருடைய இரண்டு தறிக்குழிகளையும் சேர்த்து உடைத்தால்தான் உன் ஒன்பது அடி வரும் என்று தர்மன் சொன்னார். வீரபத்திரன் தர்மனின் ஆளைக் குழியில் இறங்க விடவில்லை. "நான் தோண்டின குழி டீச்சரம்மா. நானே பெருசு பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்" என்று கடப்பாரையை வாங்கிக்கொண்டார். பதினோரு வருடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்த குழி. இரண்டு நாள் இடித்தார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. போகியன்று செவிலிமேட்டுக்குப் போய்விட்டார்கள். பொங்கலன்று வீட்டில் தறிச் சத்தம் இல்லாமல் என்னவோ போல் இருந்தது. நீ வந்தால் சரியாகிவிடும்.

இப்போது உன் சமத்தைச் சொல்கிறேன் கேள். காஞ்சிபுரத்தில் கணப்பு அடுப்பா? மரியம்மாள் டீச்சரிடம் படித்துக் காட்டினேன். "உங்க தம்பிக்கு ஊர் வெயில் மறந்துபோச்சும்மா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அது போகட்டும், இடது பக்கத்தில் ஏதடா ஜன்னல்? அது பக்கத்து வீட்டுக் கோதண்டபாணியின் சுவர் அல்லவா? ஜன்னல் வைத்தால் அவர் குளிப்பதுதான் தெரியும். பலகையை வலது பக்கம் போட்டிருக்கிறேன். பிறந்த வீட்டுக்கு இடது வலது தெரியாத பிள்ளை கார் எப்படி ஓட்டப்போகிறதோ.

கப்பல் எப்போது?

அக்கா குழலி

*

காஞ்சிபுரம்
18-4-1971

பஞ்சுவுக்கு,

என் தை மாதக் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தபால்காரர் சைக்கிளைத் தெருமுனையில் பார்த்ததும் வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவர் இப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த அறையைத் திறந்தேன். சித்திரை வெயிலில் புதுச் சிமென்ட் கொதிக்கிறது. உன் நவம்பர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குழி சரி. உத்தரம் சரி. கதவிடுக்குக்குத் துணி. ஜன்னலோரம் கணப்பு. இடது பக்கத்தில் ஜன்னல். தை மாதம் சிரித்த எனக்கு நேற்றுச் சிரிப்பு வரவில்லை.

இல்லாத ஜன்னலை ஒருவன் எதற்கு எழுதப்போகிறான்? கண்ணெதிரில் இருந்திருந்தால்தான் எழுதியிருப்பான்.

பஞ்சு, அந்தக் கடிதத்தை நீ எந்த அறையில் உட்கார்ந்து எழுதினாய்? எதுவாக இருந்தாலும் எழுது. அக்கா தாங்கிக்கொள்வேன்.

குழலி

*

கவன்ட்ரி
9-5-1971

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எத்தனையோ முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன வருடம் ஜூலையில் இங்கே ஒரு வீடு வாங்கினேன். பின்பக்கம் கராஜ் உண்டு. அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன். பெட்டிகள் அக்டோபரிலேயே அங்கே வந்து இறங்கிவிட்டன. உனக்குச் சொன்னதெல்லாம் இங்கே நான் செய்துகொண்டிருந்த வேலைகள்தான். வண்டி போன வாரம் ஓடிற்று.

வரமாட்டேன் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை அக்கா. உன் கடைசி வரியை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டுதான் படிப்பேன். வீரபத்திரன் அண்ணனை நீ ஒருநாளும் அனுப்பமாட்டாய் என்று நம்பினேன். சுவரையும் இடிக்கமாட்டாய். முடியாதுடா என்று நீயே எழுதிவிட்டால், இடமில்லையே, பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்துவிடலாம் என்றிருந்தேன். நீ மறுக்கவே இல்லை. அப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. வீரபத்திரன் அண்ணன் கடப்பாரை எடுத்ததைப் படித்த பிறகு பேனாவைத் தொடவே பயமாக இருந்தது.

வீரபத்திரன் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள். இல்லாவிட்டால் நீ இங்கே வந்து என்னோடு இரு. நிஜமாகத்தான் கூப்பிடுகிறேன். இதோடு போட்டோ ஒன்று வைத்து அனுப்புகிறேன். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

பஞ்சு

*

காஞ்சிபுரம்
30-7-1971

பஞ்சாட்சரத்துக்கு,

கடிதமும் போட்டோவும் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. திட்ட வேண்டும் என்றுதான் உட்காருவேன். வராது.

போன ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்துச் செவிலிமேட்டுக்குப் போனேன். வாடகைக் கொட்டகையில் புதிதாகக் குழி தோண்டித் தறி போட்டிருக்கிறார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, திரும்ப வந்துவிடுங்கள் என்று கேட்டேன். வீரபத்திரன் என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "புதுசா பாவு ஏத்திட்டேன் டீச்சரம்மா. அறுக்கக் கூடாதுல்ல" என்றார். அது முடிந்ததும் இன்னொரு பாவு ஏற்றுவார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கங்கையம்மாள் பஸ் வரைக்கும் வந்தாள். "இடுப்பு எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டாள். நான் அந்த ரோட்டிலேயே நின்று அழுதுவிட்டேன்.

நான் மறுப்பேன் என்று நம்பியதாக எழுதியிருக்கிறாய். என்னைப் பற்றி உனக்கு அவ்வளவு நல்ல எண்ணம். நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் கூடவே இருந்தவர்களை மறுநாளே போகச் சொன்னேன், பஞ்சு. ஒரு ராத்திரிகூட யோசிக்கவில்லை. பொய் சொன்னது நீ. அனுப்பியது நான்தான். அந்தப் பழியை உன்மேல் போட முடியாது.

உன் ஊருக்கு நான் வரவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. குழியில் மழைத் தண்ணீர் நிற்கிறது. ஆவணியில் மண் அடித்து மூடித் தரச் சொல்லி தர்மனிடம் சொல்லியிருக்கிறேன். கதவு இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி எப்போது வருகிறாய் என்று கேட்கமாட்டேன். என் கடைசி வரியை நீ மறைத்துப் படிக்க வேண்டாம்.

போட்டோவைப் பார்த்தேன். சிவப்பு வண்டி, நன்றாகப் பூட்டியிருக்கிறாய். நீ கொஞ்சம் பருத்திருக்கிறாய். உனக்குப் பின்னால் இடது பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது. அதற்குக் கீழே மேஜைப்பலகையும் ஓரத்தில் கணப்பும் இருக்கின்றன. எல்லாம் நீ எழுதிய மாதிரியே இருக்கிறது.

இப்படிக்கு,
ஏலவார்குழலி