படகு மோதும்போது ஒலிக்கும் குரல்

மேலப்பாளையத்து மண்ணில் உறங்கும் தோழனே! நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மீண்டும் பொய் சொல்கிறார்கள். வண்ணார்பேட்டையில் பெரிய பதாகை ஒன்று கட்டியிருக்கிறார்கள். 'கணினி விளையாட்டு உருவாக்கம் பயிலுங்கள். முடித்ததும் வேலை உறுதி.' அந்த நிலையத்தின் திறப்பு விழாவில் இன்று மாலை பேச, மேடைப் பேச்சாளன் என்று என்னைத்தான் அழைத்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய செய்தி, உன் மகள் மருத்துவமனை ஆய்வகத்து வேலையை விட்டுவிட்டு அங்கே சேரப் போகிறாள். காலையில் வந்து என் எதிரே அமர்ந்தாள்.

"வாப்பாவால முடியாதத நான் முடிச்சுக் காட்டுதேன் மாமா. வேலைய விடுததுக்குக் கடுதாசி எழுதி வச்சிட்டேன். சாயங்காலம் ஒங்க பேச்சக் கேட்டுட்டு, நாளைக்குக் குடுத்துருவேன்."

சொல்லிக்கொண்டே கைப்பேசியில் நீ செய்த விளையாட்டைத் திறந்தாள். படகு பாறையில் மோதியது. "பைய!" என்று, மெதுவாகச் செலுத்தச் சொல்லி அதட்டியது என் குரல். நீ போனபின் அதை இன்றுதான் கேட்டேன். அந்தக் குரலில் பாதிகூட இப்போது என்னிடம் இல்லை. தொண்டை தேய்ந்துவிட்டது, தோழா.

பாபநாசத்திலிருந்து கடல்வரை பொருநை ஆற்றில் படகு செலுத்தும் விளையாட்டு அது. குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து நீரின் ஒலியை நீயே பதிவு செய்தாய். படகோட்டி பேசுவதற்கென்று நான் ஓர் எழுச்சியுரை எழுதி வந்து, பொருநைத் தாயை விளித்து முழங்கினேன். நீ அதைச் சேர்த்து நண்பர்கள் கையில் கொடுத்தாய். உரை தொடங்கிய நொடியே ஒவ்வொருவரும் விரலால் தள்ளிவிட்டார்கள்.

"என்ன வே, கூட்டம் பூரா எந்திரிச்சுப் போயிட்டு!" என்று சிரித்தாய்.

"தமிழ் கேட்கப் பொறுமையற்ற கூட்டம்" என்று வெகுண்டேன்.

"தமிழு மேல அவனுவளுக்கு என்ன கோவம்? படகு ஓட்ட வந்தவன் வே அவன். ஒத்த வார்த்த சொல்லும், போதும்."

அந்த ஒற்றைச் சொல்லைத்தான் இன்று காலை உன் மகளின் கையில் கேட்டேன்.

நீ விளையாட்டு உருவாக்கும் வேலைக்கென்று சென்னை சென்றபோது, நம் ஊரான் உலகையே ஆளப் போகிறான் என்று மேடைதோறும் பேசினேன். அங்கே உனக்கு வாய்த்ததோ, எவரோ எண்ணிய விளையாட்டுக்கு வண்டிச் சக்கரங்கள் வரையும் வேலை. "மழக்காலம் முழுக்கச் சக்கரந்தான் வே. வண்டிய நான் கண்ணால பாக்கல" என்றாய். பின்பு அந்த விளையாட்டே பாதியில் கைவிடப்பட்டது. உங்கள் குழுவினர் அனைவரையும் அனுப்பிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் கட்டட வரைபடம் போடும் வேலைக்குத் திரும்பி வந்தாய். ஆறுதல் சொல்ல வந்த என்னை நீ பேசவிடவில்லை.

"நான் எங்க வே தோத்தேன்? அந்த வேலதான் போச்சு. வெளையாட்டு பண்ணுதத விட்டேனா?"

விடவில்லை. ஆண்டுக்கணக்கில் மாலைப் பொழுதுகளை அந்தப் படகு விளையாட்டுக்கே கொடுத்தாய். கண்ணெரிச்சலும் வீட்டாரின் முணுமுணுப்பும் கூடவே வந்தன. முடித்து வெளியிட்டபோது ஆடியவர் மிகச் சிலர். வருவாய் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் களக்காட்டிலிருந்து முகமறியாத ஒருவர், "கடைசி வளைவில் மூழ்கிக்கொண்டே இருக்கிறேன், வழி சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். அதை எனக்குப் படித்துக் காட்டியபோது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எத்தனையோ மாலைகள் என் கழுத்தில் விழுந்திருக்கின்றன. அந்த வெளிச்சம் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

இவற்றையெல்லாம் இன்று உன் மகளிடம் சொன்னேன்.

"வாப்பா தோத்துப்போய் வந்தாங்கன்னுல்லா இத்தன நாளும் நெனச்சேன்" என்றாள். எழுந்தவள் வாசலில் நின்று, "அப்போ நான் சேரக் கூடாதா மாமா?" என்று கேட்டாள்.

மாலையில் சொல்கிறேன் என்று அனுப்பினேன். களைப்பாக இருக்கிறது. வாழ்நாளெல்லாம் பெரிய சொற்களைத் தூக்கித் திரிந்த எனக்கு, உன்னிடமிருந்து எஞ்சியிருப்பது அந்த ஒரு சிறு சொல்தான். அதை எடுத்துக்கொண்டுதான் மேடை ஏறுகிறேன். இன்று நான் பேசப் போவதை நீயும் கேள்.

பெற்றோரே, பிள்ளைகளே! இந்தக் கலை மெய். இதில் ஊதியம் பெற்று வாழ்வோரும் உண்டு. அவர்களிலும் பலர் பிறர் வண்டிக்குச் சக்கரம் வரைபவர்களே. அந்த வண்டி ஓடாமலும் போகலாம். விரும்பினால் படியுங்கள். கையிலுள்ள வேலையை விடாமல் படியுங்கள். சிறிதாக ஒன்றை முழுதாக முடித்து, அறியாத ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அதன் பின்னும் ஆசை மிஞ்சினால் அப்புறம் பேசுவோம்.

நிலையத்தாரே! எவராலும் தர முடியாத உறுதியைத் துணியில் எழுதி விற்கிறீர்கள். ஏணியைக் கொண்டு வாருங்கள். அந்தச் சொல்லை இப்போதே, எங்கள் கண்முன்னே அழியுங்கள்!

முன்வரிசையில் இருக்கும் என் தோழனின் மகளே! எழுதி வைத்திருக்கும் கடிதத்தை இங்கேயே கிழித்துப் போடம்மா. நாளை வழக்கம்போல் ஆய்வகத்துக்குப் போ. மாலையில் வந்து வாப்பாவின் படகை எடு.

பைய.