வாலில் மீன்கொத்தி

3 மார்ச் 2025, திங்கள்

சிங்கப்பூர் அணி வந்து இறங்கியது. எங்கள் விமானங்களைப் போலவே அவர்கள் விமானத்தின் வாலிலும் மீன்கொத்திப் படம். இந்தப் பறவையைச் சின்னமாக வைத்திருக்கும் விமானப்படை அணிகள் ஆண்டுக்கொரு முறை கூடுவது வழக்கம். இந்தத் தடவை சிட்னியில், எங்கள் தளத்தில்.

எங்கள் மெக்கானிக்குகளில் நான் ஒருத்திதான் தமிழ் என்பதால் அவர்களுடைய தமிழ் மெக்கானிக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். எரிச்சல். அவர் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிறார்!

பெயர் சந்திரவதனா. முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் சின்னத்தைப் பார்த்ததுமே, "இது குக்கபராவாச்சே? பாம்பு பிடிக்கிற பறவைலா" என்றார்.

"அதுவும் மீன்கொத்திக் குடும்பம்தான்க்கா."

"சரி, தூரத்துச் சொந்தம்."

சிரித்துவிட்டேன்.

5 மார்ச், புதன்

அக்காவைக் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போனேன். மூன்று தடவை ரசம் கேட்டு வாங்கினார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

7 மார்ச், வெள்ளி

என்ன காரியம் செய்துவிட்டேன்.

ஓர் அணியின் விமானத்தில் மற்ற அணியினர் வேலை பார்ப்பதுதான் பயிற்சி. இன்று நான் அவர்கள் விமானத்தில். மாலையில் கருவிப் பெட்டியை மூடும்போது, கருவிகளைப் பதித்துவைக்கும் பள்ளங்களில் ஒன்று காலி. பத்தாம் நம்பர் ஸ்பேனர். என் கையில்தான் இருந்தது. எங்கே வைத்தேன்? தெரியலையே, சத்தியமா தெரியலையே—

ஸ்டோரில் அதே மாதிரி இன்னொன்று உண்டு. எடுத்து வைத்தால் யாருக்குத் தெரியும்? பத்து விநாடி அப்படி நினைத்தேன். எழுதவே கூசுகிறது. பிறகு போய்ச் சொன்னேன்.

உடனே விமானத்தை நிறுத்திவிட்டார்கள். நாளை எல்லா மீன்கொத்திகளும் சேர்ந்து பறக்கும் நாள். எங்கள் குடும்பங்கள் எல்லாம் பார்க்க வருகின்றன. அதற்காகவே சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் விமானத்தின் வாலுக்குப் புது வண்ணம் அடித்துக்கொண்டு வந்தார்கள். ஸ்பேனர் கிடைக்கும்வரை அது தரையில்தான்.

அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

8 மார்ச், சனி

கிடைத்துவிட்டது!

காலை பத்தரைக்கு மற்ற விமானங்கள் தலைக்கு மேல் வரிசையாகப் போயின. வெளியே கைதட்டல். எங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் அவர்கள் ஆட்கள் ஆறு பேரும் இந்த ஒரு விமானத்துக்குள் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தோம். ஒருவர்கூட வேடிக்கை பார்க்க எழுந்து போகவில்லை.

பின்பக்கத் தரைத்தகட்டுக்கு அடியில் கைவிட்டு அக்காதான் எடுத்தார். வாலை இயக்கும் கம்பியை ஒட்டிக் கிடந்திருக்கிறது. பறந்திருந்தால்— வேண்டாம்.

"மன்னிச்சிடுங்கக்கா. உங்க நாளையே கெடுத்துட்டேன்."

"என்ன கெடுத்தே? இதுல பறக்க இருந்தவங்க எல்லாரும் உயிரோட இருக்கோம்லா" என்றவர், முகத்திலிருந்த கிரீஸைப் புறங்கையால் துடைத்தார். "நீ வாய மூடிட்டு இருந்திருந்தா எங்களுக்குத் தெரியவே தெரியாது."

அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

12 மார்ச், புதன்

கிளம்பிவிட்டார்கள். தளமே வெறிச்சென்று இருக்கிறது.

11 பிப்ரவரி 2026, புதன்

பசிபிக் தீவுகளில் புயல். இரண்டு அணிகளும் மருந்தும் கூடாரமும் கொண்டுபோகின்றன. சிங்கப்பூர் விமானம் காலையில் இங்கே இறங்கியது. புறப்படுமுன் முழுப் பரிசோதனை வேண்டும். எங்கள் ஆட்களில் யாரை அனுப்பட்டும் என்று என் மேலதிகாரி அவர்களிடம் கேட்டார். அவர்கள் மெக்கானிக்குகளுக்குத் தலைவரான வாரண்ட் ஆபீசர் யோசிக்கவே இல்லை. என் பெயரைச் சொன்னார்.

அன்று எங்களோடு மண்டியிட்டவர்களில் அவரும் ஒருவர்.

மூன்று மணி நேரம் பார்த்தேன். ஒவ்வொரு தகடு, ஒவ்வொரு திருகு. பிறகு கையெழுத்துப் போட்டேன். அந்த விமானத்தில் சந்திரவதனா அக்காவும் போகிறார். பரிசோதனைப் புத்தகத்தை நீட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினார்.

"வர்றேன்டி."

முதல் முறையாக 'டி' போட்டிருக்கிறார்.